வலுவான சீட்டு கையில்: கால் செய்வதா, ரெய்ஸ் செய்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம். பணம் கிடையாது. ஆளுக்கு 2,000 சில்லுகள். தீர்ந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்து எழுந்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மோசமான சீட்டை மடக்கிப் போடுவதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். நல்ல சீட்டு வரும்போதுதான் திகைத்துப் போகிறார்கள், சில்லுகளும் அங்கேதான் கைநழுவுகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கால், ரெய்ஸ் என்கிறீர்கள், பாட் என்கிறீர்கள். முதலில் இவற்றைச் சொல்லிவிடுங்கள் அண்ணா.

எதிராளி 50 சில்லு கட்டியிருக்கிறார். நீங்களும் 50 வைத்துத் தொடர்ந்தால் அது கால். 150 என்று உயர்த்தினால் ரெய்ஸ். மேலே ஆடுவதா வேண்டாமா என்ற கவலை இப்போது அவருடையது. சீட்டை மடக்கிப் போட்டு விலகுவது ஃபோல்டு. யாரும் எதுவும் கட்டாத நிலையில் நீங்களும் கட்டாமல் நகர்வது செக், முதலில் கட்டுவது பெட். நடுவில் குவிந்திருக்கும் சில்லுகள்தாம் பாட்.

கையில் 2 சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் 3 சீட்டு திறப்பார்கள், அது ஃப்ளாப். அடுத்த ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். ஃப்ளாப்புக்கு முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒரு சுற்று என நான்கு முறை பெட் கட்டலாம். இந்தச் சுற்றுக் கணக்கை மறக்க வேண்டாம், கீழே தேவைப்படும்.

வலுவான சீட்டு என்று எதைச் சொல்வது? ஏஸ் ஜோடி வந்தாலே போதுமா?

ஃப்ளாப்புக்கு முன் அதைவிடப் பெரியது இல்லை. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. அவற்றில் ஏஸ் ஜோடி 6 மட்டுமே. 221 முறைக்கு ஒரு முறை வரும் சீட்டு அது. ஆனால் ஃப்ளாப் திறந்த பிறகு ஏஸ் ஜோடியும் வெறும் ஒற்றை ஜோடிதான். நடுவில் 8, 9, 10, ஜாக்கி என்று வரிசையாக விழுந்து, எதிராளி பெரிய தொகையைக் கட்டினால், அந்த ஏஸ் ஜோடியை வலுவான சீட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே வலு என்பது மூன்றைப் பார்த்துத் தீர்மானமாவது: உங்கள் சீட்டு, நடுவில் கிடக்கும் சீட்டு, எதிராளி எந்தச் சீட்டுகளோடு இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார் என்பது. என்னிடம் யாராவது ‘இதற்குக் கால் செய்யலாமா, ரெய்ஸ் செய்யலாமா’ என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நீங்கள் ரெய்ஸ் செய்தால், உங்களைவிடத் தாழ்ந்த எந்தச் சீட்டுகள் அந்தத் தொகையைத் தரும்? இந்தக் கேள்விக்குச் சீட்டுகளின் பெயரைச் சொல்லிப் பதில் தர முடிந்தால் ரெய்ஸ். ஒரு பெயரும் வாயில் வரவில்லை என்றால் கால்.

தம்பி, ரம்மியில் நல்ல கை வந்தால் முகத்தில்கூடக் காட்ட மாட்டோம். இங்கே மட்டும் ஏன் ரெய்ஸ் செய்து காட்டிக்கொடுக்க வேண்டும்?

இரண்டாவது மாடியில் இருக்கும் ஐயா ஒருவர் கேட்டது. சென்னையில் போக்கர் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ரம்மியில் கை பழகியவர்கள் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 13 சீட்டு ரம்மியில், நீங்கள் ஷோ காட்டும்போது எதிராளியின் கையில் சேராமல் கிடக்கும் சீட்டுகளின் மொத்தம்தான் உங்களுக்கு லாபம். அதிகபட்சம் 80 புள்ளி. எதிராளி ஏமாந்து ராஜாவையும் ராணியையும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வரை உங்களுக்கு நல்லது. மௌனத்துக்கு அங்கே கூலி உண்டு.

போக்கரில் எதிராளியின் கையில் என்ன இருந்தாலும் உங்களுக்குப் புள்ளி கிடையாது. நடுவில் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான். அதை வளர்க்கும் வேலை உங்களுடையது, ஏனென்றால் நல்ல சீட்டு உங்களிடம் இருக்கிறது. அவருக்கு வளர்க்க எந்தக் காரணமும் இல்லை. கணக்காகப் பாருங்கள். ஃப்ளாப் திறக்கும்போது பாட்டில் 100 இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் பாதியைக் கட்டுகிறீர்கள், அவர் கால் செய்கிறார். ஃப்ளாப்பில் 50, பாட் 200 ஆகிறது. டர்னில் 100, பாட் 400. ரிவரில் 200. மூன்று சுற்றில் அவர் தந்தது 350.

இப்போது ஃப்ளாப்பில் மட்டும் ‘பதுங்கி’ இருந்துவிடுங்கள். டர்னில் 50, ரிவரில் 100. அவர் தந்தது 150. ஒரு சுற்றில் 50 சில்லை விட்டதாகத்தான் மனம் நினைக்கிறது. உண்மையில் போனது 200. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போல, முதல் சுற்றில் சேரும் ஒவ்வொரு சில்லும் அடுத்த சுற்றுகளின் பெட்டைப் பெரிதாக்குகிறது. வலுவான சீட்டுக்கு முதல் பதில் பெட் அல்லது ரெய்ஸ் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கால் செய்ய விரும்புகிறவர்தாம் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

ஃப்ளாப்புக்கு முன்பே ஏஸ் ஜோடிக்கு ரெய்ஸ் செய்தால் எல்லாரும் ஓடிவிடுகிறார்களே? கால் செய்து நாலு பேரை உள்ளே விட்டால் பாட் பெரிதாகாதா?

பாதி நியாயமான கேள்வி. ஏதோ இரண்டு சீட்டோடு ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் ஏஸ் ஜோடி 100-க்குச் சுமார் 85 முறை வெல்லும். ஐந்து பேர் என்றால் சுமார் 49 முறை. இதைக் காட்டி ‘கூட்டம் சேர்ந்தால் நஷ்டம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதம் அரைகுறையானது. ஆளுக்கு 100 வைத்து, அதன் பிறகு பெட்டே இல்லாமல் ஐந்து சீட்டையும் திறப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவரோடு ஆடும்போது சராசரி லாபம் 70. ஐந்து பேரோடு ஆடும்போது 194. கூட்டத்தால் லாபம் கூடத்தான் செய்கிறது.

ஆனால் அந்த ஐந்து பேரும் தலா 100 தர வேண்டும். நீங்கள் சும்மா கால் செய்து உள்ளே விட்டவர்கள் தலா 10 தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் பிறகு பெட்டும் உண்டு. யாருக்கு இரண்டு ஜோடி, யாருக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) என்று தெரியாமல், ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று சுற்று ஆட வேண்டியது நீங்கள். வலுவான சீட்டுக்கு அதிகத் தொகையும் வேண்டும், எதிரே யார் இருக்கிறார் என்ற தெளிவும் வேண்டும். ரெய்ஸ் இரண்டையும் தருகிறது. எல்லாரும் ஓடிவிட்டால் கட்டாயப் பெட்டான பிளைண்டுகள் கிடைக்கும், அது போதும். ஒவ்வொரு முறையும் ஓடுகிறார்கள் என்றால், பெரிய ஜோடிக்கு மட்டுமே ரெய்ஸ் செய்கிறீர்கள் என்று மேசை உங்களைப் படித்துவிட்டது. மருந்து, மற்ற சில சீட்டுகளுக்கும் ரெய்ஸ் செய்வது.

எனக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டார். என்னிடம் ராஜா ஜோடி. கால் செய்து ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

மறு ரெய்ஸ் செய்யுங்கள். அந்த நேரத்தில் உங்களை வெல்லக்கூடியது ஏஸ் ஜோடி ஒன்றுதான். ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, ஏஸ்-ராணி எல்லாம் இப்போது தொகை தரத் தயாராக இருக்கும் சீட்டுகள். ராஜா ஜோடி கையில் இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் ஒன்றாவது விழ 100-க்குச் சுமார் 23 வாய்ப்பு. அது விழுந்துவிட்டால் ராணி ஜோடிக்காரர் ஒரு சில்லும் தர மாட்டார், ஏஸ்-ராணிக்காரர் உங்களிடம் வாங்குவார். வாங்க வேண்டிய நேரம் ஃப்ளாப்புக்கு முன்னால்தான்.

ஒரே விலக்கு: உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர், யார் ரெய்ஸ் செய்தாலும் மேலே ஏற்றும் பழக்கம் உள்ளவராக இருந்தால், கால் செய்து அவரை ஏற்றவிடலாம்.

பணமே இல்லை என்றால் யார்தான் ஃபோல்டு செய்வார்கள்? இங்கே ரெய்ஸ் செய்து என்ன பயன்?

சில்லு தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும் என்ற விதியை வைத்ததே இதற்காகத்தான். எழுந்தவர் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தைக் கழிக்க வேண்டும். அந்தச் சின்ன வருத்தம் போதும், எல்லாரும் பொறுப்பாக ஆடுகிறார்கள்.

பணம் வைத்து ஆடும் பேச்சுக்கே இங்கே இடமில்லை. இணையத்தில் காசு கட்டிப் பழகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். போக்கரும் ரம்மியும் திறமை விளையாட்டுகள் என்ற கோணத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தமிழகச் சட்டத்தின் ஒரு பகுதியைத் தளர்த்தியது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. பழக வேண்டுமானால் ஒரு சீட்டுக்கட்டும் நான்கு நண்பர்களும் போதும்.

செட் விழுந்துவிட்டது. இப்போதாவது பதுங்கலாமா?

கையில் ஜோடி இருந்து, அதே எண் நடுவிலும் விழுந்து மூன்றாகச் சேர்வதுதான் செட். (ரம்மி செட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜோடியோடு உள்ளே வந்தால் ஃப்ளாப்பில் இது கிடைப்பது எட்டு அல்லது ஒன்பது முறைக்கு ஒரு முறை. அரிதாகக் கிடைப்பதால்தான் பொத்திப் பொத்தி வைக்கத் தோன்றுகிறது.

பதில் நடுவில் கிடக்கும் சீட்டில் இருக்கிறது. உங்கள் கையில் 7, 7. ஃப்ளாப்பில் 9, 8, 7. அதில் இரண்டு ஆர்ட்டின். இங்கே பதுங்குவது பெரும் தவறு. கையில் இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவருக்கு இன்னும் 9 ஆர்ட்டின் கட்டில் இருக்கின்றன. டர்னில் ஒன்று வர 100-க்கு 19 வாய்ப்பு, இரண்டு சீட்டையும் பார்க்கவிட்டால் 35. பாட்டில் 100 இருக்கும்போது நீங்கள் 50 கட்டினால், அவர் 150-ஐ வெல்ல 50 தர வேண்டும்; 100-க்கு 25 முறையாவது ஜெயித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். 19-க்கு 25 விலை கேட்கிறீர்கள், நல்ல வியாபாரம். 20 மட்டும் கட்டினால் 14-க்கே விற்றுவிடுகிறீர்கள், அவர் மகிழ்ச்சியாக வாங்குவார். செக் செய்தால் இலவசம்.

இதில் பலர் கவனிக்காத நஷ்டம் ஒன்று உண்டு. டர்னில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்தால் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அடித்தவர் மட்டும் பிரச்சினை இல்லை. ஃப்ளாப்பில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஆசையாகத் தொகை தரத் தயாராக இருந்தவரும் அந்தச் சிவப்புச் சீட்டைப் பார்த்ததும் பெட்டியைப் பூட்டிக்கொள்வார். நீங்கள் வெல்லும்போதுகூடச் சிறிதாகவே வெல்வீர்கள். ஆகவே இப்படிப்பட்ட ஃப்ளாப்பில் எதிராளி கட்டினால் உடனே ரெய்ஸ்.

அப்படியானால் கால் செய்வது எப்போதுதான் சரி?

முதலில், நடுவில் கிடப்பது காய்ந்த சீட்டாக இருக்க வேண்டும். ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு இனம் என்றால் எதிராளிக்கு ஸ்ட்ரெய்ட், ஃபிளஷ் வழி எதுவும் இல்லை. ஒரு சீட்டை இலவசமாகக் காட்டுவதால் ஆபத்து குறைவு. இரண்டாவது, எதிராளி தானாகவே கட்டிக்கொண்டு வருபவராக இருக்க வேண்டும். வெறுங்கையோடு ப்ளஃப் அடிக்கும் ஒருவரை ரெய்ஸ் செய்தால் அவர் ஃபோல்டு செய்துவிட்டுப் போவார். கால் செய்தால் டர்னிலும் கட்டுவார். அவருக்கு எதிரே கால்தான் பாட்டை வளர்க்கிறது. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து வந்தால் தயங்காமல் கால் செய்யுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நான் ரெய்ஸ் பக்கமே சாய்வேன்.

1988 உலகப் போக்கர் தொடரின் கடைசிக் கை இதற்குப் பெயர் பெற்ற உதாரணம். ஜானி சான் கையில் ஜாக்கி, 9. ஃப்ளாப்பில் ராணி, 10, 8. அதைவிடப் பெரிய சீட்டு அந்த நேரத்தில் யாருக்கும் இருக்க முடியாது. எதிரே எரிக் சைடெல் ராணி, 7 வைத்திருந்தார். தன் ராணி ஜோடியே உயர்ந்தது என்று நம்பினார். சான் ரெய்ஸ் செய்யாமல் அடங்கியே இருந்தார், ரிவரில் சைடெல் தன் சில்லுகள் அத்தனையையும் தள்ளினார். இதைப் பார்த்து எல்லாரும் பதுங்கக் கற்றுக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். மேசையில் எதிராளி ஒருவரே. அவர் கையில் தொகை தரக்கூடிய ஒரு ஜோடி. அவரே முன்வந்து தள்ளுகிறார். இவ்வளவும் அமைந்த இடம் அது. எட்டுப் பேர் மேசையில் மூன்று பேர் உள்ளே இருக்கும்போது அதைச் செய்து பார்ப்பவர்கள் ரிவரில் ஒரு ஸ்ட்ரெய்ட்டிடம் மாட்டுகிறார்கள்.

எதைக் கட்டினாலும் விடாமல் கால் செய்பவர் எதிரே இருந்தால்?

பதுங்கவே கூடாது. அவர் தானாகக் கட்ட மாட்டார், நீங்கள் கட்டினால் கொடுப்பார். மூன்று சுற்றும் நீங்களே பெரிதாகக் கட்டுங்கள்.

சின்னதாக ரெய்ஸ் செய்தால் ஆசைப்பட்டு வருவார்கள் அல்லவா?

வருவார்கள், ஆனால் சரியான விலைக்கு வருவார்கள். செட் பற்றிய பதிலில் சொன்ன 20 சில்லுக் கணக்குதான். எதிராளியின் பெட்டைப் போல மூன்று மடங்கு என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. காய்ந்த ஃப்ளாப்பில் சற்றுக் குறைக்கலாம், ஃபிளஷ் வழி திறந்திருந்தால் கூட்ட வேண்டும். சீட்டின் வலுவைப் பொறுத்து அளவை மாற்றாதீர்கள். உங்கள் எதிராளிக்கும் கண் இருக்கிறது.

ரிவரில் ரெய்ஸ் செய்தால், கால் செய்பவரிடம் எப்போதும் என்னுடையதைவிடப் பெரிய சீட்டுதான் இருக்கிறது. ஏன்?

ரிவருக்குப் பிறகு திறக்க வேறு சீட்டு இல்லை. பயமுறுத்த வேண்டியவர்கள், விலை கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. எஞ்சியிருப்பது நான் திருப்பிக் கேட்கும் அந்த ஒரே கேள்விதான். கால் செய்யக்கூடிய சீட்டுகளில் பாதிக்கு மேல் உங்களைவிடத் தாழ்ந்தவையாக இருந்தால் மட்டுமே ரெய்ஸ்.

எண்ணிப் பார்க்கலாம். நடுவில் ராஜா, 7, 2, ராணி, 4. ஃபிளஷ் இல்லை, ஸ்ட்ரெய்ட்டும் சாத்தியமில்லை. உங்களிடம் 7, 7. எதிராளி பெட் கட்டுகிறார். உங்களை வெல்பவை கையில் ராஜா ஜோடி, ராணி ஜோடி வைத்து நடுச்சீட்டோடு செட் ஆன இரண்டு மட்டுமே. மீதமுள்ள 3 ராஜாக்களில் ஜோடி சேர 3 வழி, ராணிக்கும் 3. ஆக 6. தாழ்ந்தவற்றில் ராஜா-ராணி 9 வழி, 4 செட் 3, 2 செட் 3. ஆக 15. இவை எல்லாம் உங்கள் ரெய்ஸுக்குக் கால் செய்யும் என்றால் 15-க்கு 6, தாராளமாக ரெய்ஸ் செய்யலாம். ராஜா ஜோடிக்காரர் ஃப்ளாப்புக்கு முன்பே மறு ரெய்ஸ் செய்திருப்பார் என்று தெரிந்தால் 6 இன்னும் குறைகிறது.

எதிராளி மிகவும் நிதானமானவர், இரண்டு ஜோடியை ரெய்ஸுக்கு எதிரே மடக்கிவிடுவார் என்று வையுங்கள். அப்போது ராஜா-ராணி 9 வழியும் கணக்கிலிருந்து போய்விடும். மிச்சம் 6-க்கு 6. அவர் மேலும் ஏற்றினால் நீங்கள் இன்னும் தர வேண்டி வரும். அங்கே கால் செய்துவிட்டுச் சீட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். சீட்டு அதேதான், நடுவில் கிடப்பதும் அதேதான். ஆள் மாறியதால் முடிவு மாறுகிறது.

வலுவான சீட்டுக்கெல்லாம் ரெய்ஸ் செய்தால், நான் கால் செய்யும்போது என்னிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடாதா?

தெரிந்துவிடும். உங்களைக் கவனிப்பவர்கள் இருக்கும் மேசையில் இது உண்மையான ஆபத்து. நீங்கள் கால் செய்த ஒவ்வொரு முறையும் டர்னில் பெரிதாகக் கட்டி உங்களை விரட்டுவார்கள். அதனால் சில வலுவான சீட்டுகளைக் காலிலும் வைத்திருக்க வேண்டும். ஃபிளஷ் வழி போன்ற சில சீட்டுகளை ரெய்ஸிலும் சேர்க்க வேண்டும்.

எதைக் காலில் வைப்பது என்பதற்கு மனநிலையை நம்ப வேண்டாம், சீட்டை எண்ணினால் போதும். ராஜா, 7, 2 என்ற காய்ந்த ஃப்ளாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 7, 7 இருந்தால் கட்டில் இன்னும் மூன்று ராஜாக்கள் உண்டு. ஏஸ்-ராஜா அமைய 12 வழி. தொகை தருபவர் இருக்கிறார், ரெய்ஸ் செய்யுங்கள். உங்களிடம் ராஜா, ராஜா இருந்தால் எஞ்சியது ஒரே ராஜா. ஏஸ்-ராஜா 4 வழி மட்டுமே. தொகை தர வேண்டியவரின் சீட்டு உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தச் செட்டை வைத்துக் கால் செய்து, டர்னில் எதிராளி வேறொரு ஜோடியாவது சேர்க்கவும், துணிந்து ப்ளஃப் அடிக்கவும் இடம் கொடுங்கள்.